பச்சை டயர்: மிஷெலின் நிறுவனத்தின் மரபும் மண்ணும்

இலக்கியம் பேசும் இடத்தில் டயருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். தேய்ந்துபோன சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டித் தட்டித் தெருவெல்லாம் உருட்டித் திரிந்த பிள்ளைப்பருவம் நம்மில் பலருக்கும் உண்டு. அது எங்கிருந்து வந்தது, எந்த மரத்தின் பால், யார் வெட்டியது என்றெல்லாம் அப்போது நாம் கேட்டதில்லை. பின்னாளில் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' புதினத்தைப் படித்தபோதுதான், அந்தக் கறுப்பு வளையத்துக்குள் நம்மவர் வியர்வையும் கலந்திருக்கிறது என்பது உறைத்தது. ரப்பர் மரத்துக்குப் பால்மரம் என்று பெயரிட்டு, இருட்டோடு எழுந்து போய் அதன் பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர்கள் மலேயத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள். ஆகவே டயரின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலான வரலாறன்று.

எனினும் இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது மலேயாவை அன்று. பிரான்சின் நடுப்பகுதியில், அணைந்த எரிமலைகள் சூழ்ந்த கிளேர்மோன் ஃபெரான் என்னும் நகரில் பிறந்த மிஷெலின் நிறுவனத்தின் கதையைத்தான். தன் மரபைப் பற்றிப் பெருமையோடு பேசுகிற நிறுவனம் அது. கடந்த முப்பதாண்டுகளாக இயற்கையைப் பேணுவதைப் பற்றியும் அதே பெருமையோடு பேசிவருகிறது. இவ்விரண்டு பேச்சும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது பயனுடையது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து மேய்ச்சல் நிலத்தில் எழுந்திருப்பதால், இக்கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்ட கேள்வி.

ஓவியர் ஒருவரின் தொழிற்சாலை

1832இல் கிளேர்மோனில் அரிஸ்டீத் பார்பியே, எதுவார் தோப்ரே என்னும் உறவினர் இருவர் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினர். தோப்ரேயின் மனைவி, மழைக்கோட்டுக்குத் தம் பெயரையே தந்த ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்ல்ஸ் மக்கின்டாஷின் உறவினர். குழந்தைகள் விளையாட அவர் ரப்பர் பந்துகள் செய்துகொடுத்ததே அங்கு ரப்பர் தொழில் நுழைந்த கதை என்று நிறுவனத்தார் சொல்வர். அரைநூற்றாண்டுக்குப் பின் அக்கூடம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, பார்பியேயின் பேரர்களான அந்த்ரே, எதுவார் சகோதரர்கள் அதை ஏற்றனர். அந்த்ரே பொறியாளர். எதுவாரோ பாரீசில் ஓவியம் பயின்றுகொண்டிருந்தவர். தூரிகையை வைத்துவிட்டு ஊர் திரும்பிய அவர் தலைமையில் 1889இல் மிஷெலின் நிறுவனம் உருவாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்திருந்தார். அந்த டயரைச் சக்கர விளிம்போடு பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சரான டன்லப் டயரோடு ஒருவர் கிளேர்மோன் தொழிற்கூடத்துக்கு வந்தார் என்றும், அதைப் பிரித்து ஒட்டவே பல மணி நேரம் பிடித்து, பசை காய இரவு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது என்றும், அதற்குப் பின்னும் ஒட்டு நிற்கவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. காற்றில் மிதப்பது போன்ற அந்த ஓட்டத்தில் எதுவார் மயங்கினார். அந்தப் பசையோ அவரை எரிச்சலூட்டியது. 1891இல் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு உரிமம் பெற்றார்கள். அதே ஆண்டு பாரீசிலிருந்து பிரெஸ்டு நகருக்குப் போய்த் திரும்பும் நெடும்போட்டியில் சார்ல் தெரோன் அந்த டயரைப் பூட்டிய சைக்கிளில் வென்றார். நான்காண்டுகள் கழித்து, பாரீஸ் போர்தோ கார்ப் போட்டியில் சகோதரர்கள் தாங்களே காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழிநெடுகப் பஞ்சர். வெற்றி கிட்டவில்லை. ஆனாலும் கார் காற்றின்மேல் ஓடும் என்பது ஊரறிய மெய்ப்பிக்கப்பட்டது.

பழுதை ஆராய்ந்து ஒன்றைக் குறைப்பது இந்நிறுவனத்தின் முதற்பண்பு என்று இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் எண்ணுகிறோம். பசையைக் குறைத்தார்கள், காத்திருப்பைக் குறைத்தார்கள். இப்பண்பை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

இரண்டாம் பண்பு, சக்கரம் உருள்வதற்கான ஆசையைத் தாங்களே வளர்த்தது. 1898இல் டயர்களை அடுக்கினாற்போன்ற உடலுடைய பிபெண்டம் என்னும் பொம்மனிதன் சுவரொட்டிகளில் தோன்றினான். அப்பெயர் ரோமானியக் கவி ஹொராஸின் பாடற்சொல் ஒன்றிலிருந்து எடுத்தது. அவன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று வகுப்பில் மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டதுண்டு. அக்காலத்து டயரே வெளிர்நிறந்தான். உறுதி கூட்டக் கார்பன் கரியைச் சேர்க்கும் வழக்கம் பரவிய பிறகே டயர் கறுத்தது. பொம்மன் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிட்டான். 1900இல் பிரான்சில் கார்கள் சில ஆயிரமே ஓடிக்கொண்டிருந்தபோது, 35,000 வழிகாட்டி நூல்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் புகழ்பெற்ற கையேடு அதுவே. சாலை வரைபடங்கள் அச்சிட்டார்கள். எரிமலைக் கல்லின்மேல் எனாமல் பூசி ஊர்ப்பெயர்ப் பலகைகளும் நட்டார்கள். மனிதர் ஊர்சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புதியது வாங்குவர் என்பதே கணக்கு.

குறைப்பது, பெருக்குவது என்னும் இவ்விரு பண்புகளும் ஒரே வீட்டில் பிறந்தவை. அவற்றின் இழுபறிதான் பின்வந்த வரலாறு முழுவதும்.

தேய்மானத்தைக் குறைத்த கதை

1946இல் ரேடியல் டயருக்கு மிஷெலின் உரிமம் கோரியது. மாரியுஸ் மின்யோல் என்பார் இக்கண்டுபிடிப்போடு நினைக்கப்படுபவர். பழைய டயரில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து பின்னப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது அவ்விழைகள் ஒன்றையொன்று உராய்ந்து சூடேறும். ரேடியலிலோ இழைகள் சக்கரத்தின் ஆரக்கால் போல நேர்குறுக்காக ஓடும். தரையைத் தொடும் பகுதிக்கு மேல் எஃகுக் கம்பிப்பட்டை தனியே சுற்றியிருக்கும். பக்கச்சுவர் வளைந்துகொடுக்கும், அடிப்பகுதி உறுதியாய் நிற்கும். 1949இல் 'எக்ஸ்' என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. பழைய டயரைவிட நெடுநாள் உழைத்தது, எரிபொருளையும் மிச்சப்படுத்தியது. 'சுற்றுச்சூழல்' என்னும் சொல் மக்கள் வழக்கில் இன்னும் புழங்காத காலத்தில், இயற்கைக்குச் செய்த மிகப்பெரிய உபகாரங்களில் ஒன்று எந்த விளம்பரமுமின்றி நடந்தேறியிருக்கிறது.

அடுத்த பாய்ச்சல் 1992இல். டயர் உருளும்போது தரையில் அழுந்தித் தட்டையாகி மீண்டும் வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த அழுத்தமும் மீட்சியும் நிகழ்வதால் ரப்பருக்குள் வெப்பம் பிறந்து வீணாகிறது. இதனை உருள்தடை என்கிறோம். ஒரு காரின் எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தடையைத் தாண்டவே செலவாகிறது. கார்பன் கரியின் பெரும்பங்கை எடுத்துவிட்டு, மணலின் உறவான சிலிக்காவைச் சேர்த்தபோது உருள்தடை குறைந்தது. ஈரச்சாலையில் பிடிப்பும் குறையவில்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் பச்சை டயர்.

இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. டயர்த் தொழிலில் பச்சை டயர் என்பதற்கு நெடுங்காலமாகவே வேறு பொருள் இருந்துவருகிறது. வடிவம் பெற்றும் இன்னும் அச்சிலிட்டு வேகவைக்கப்படாத டயருக்கு அப்பெயர். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தபடி, கந்தகம் சேர்ந்த ரப்பர் வெப்பமும் அழுத்தமும் பெற்றாலன்றி உறுதிப்படாது. அதுவரை தொட்டால் பிசுபிசுக்கும், அழுத்தினால் உருக்குலையும். தமிழில் பச்சை மண், பச்சைப் பாண்டம் என்று சொல்கிறோமே, அதே பொருள். பசுமை என்றும் பச்சை, வேகாதது என்றும் பச்சை. தொழிற்கூடத்துச் சொல்லும் நம் சொல்லும் இவ்வாறு ஒன்றுபடுவதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். இக்கட்டுரைக்குத் தலைப்பும் அவ்வாறே அமைந்தது.

ஒரு டயரால் இயற்கைக்கு நேரும் பாதிப்பில் பெரும்பங்கு, அது செய்யப்படும்போது நேர்வதன்று. சாலையில் ஓடும்போது வண்டி எரிக்கும் எரிபொருளால் நேர்வது. ஆதலால் உருள்தடையைக் குறைத்தது வெறும் விளம்பரமன்று, மெய்யான பணி. டயரில் நம் ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று சொல்லும் வரிகள் சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழம்வரை தேயட்டும், அதற்கு முன்பே கழற்றி எறிவது வீண் என்று 2017இல் அந்நிறுவனம் வாதிட்டதையும் சொல்லவேண்டும். டயர் விற்பவரே டயரைச் சீக்கிரம் மாற்றாதீர் என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சன்று. நெடுநாள் உழைக்கும் டயர் செய்பவருக்கு அதில் ஆதாயமும் உண்டு. இலாபமும் இயற்கையும் ஒரே திசையில் இழுக்கும் இடங்களில் இந்நிறுவனம் சிறந்து விளங்கியிருக்கிறது.

தேய்வதைக் குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது. டயர்த் துகள்கள் மழைநீரோடு ஓடைகளில் கலக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட வந்த இடத்திலேயே மடிந்துகொண்டிருந்ததன் காரணத்தை ஆய்வாளர்கள் பல்லாண்டு தேடி, 2020இல் கண்டறிந்து வெளியிட்டனர். ரப்பர் வெடிக்காமல் காக்க டயரில் சேர்க்கப்படும் வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாக மாறுகிறது. அப்பொருள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று, தொழில் முழுவதிலும் பயன்படுவது. டயர் நெடுநாள் உழைக்கவேண்டும் என்று சேர்த்ததே மீனுக்கு எமனாயிற்று.

செம்மண்

இனி மண்ணுக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் என்பார் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்த நாற்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவிய மரங்களே ஆசியத் தோட்டங்களின் மூலம். ஆங்கிலேயருக்கு மலேயா அமைந்தாற்போலப் பிரெஞ்சுக்காரருக்கு இந்தோசீனா அமைந்தது. 1920களில் மிஷெலின் இன்றைய தென்வியட்நாமில் ஸவ் தியெங், ஃபூ ரியெங் ஆகிய இடங்களில் காடழித்துத் தோட்டங்கள் அமைத்தது. வடக்கே தொங்கின் பகுதி ஏழை உழவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். மலேரியாவும் அடியும் அவர்களை வாட்டின. கூலிகளைத் திரட்டி அனுப்பிய பசேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1929இல் ஹனோயில் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதிலிருந்தே அக்காலத்துக் கொதிப்பை உணரலாம்.

1930 பிப்ரவரியில், சந்திரப் புத்தாண்டையொட்டி ஃபூ ரியெங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோட்டத்தையே தம் கைக்குள் கொண்டுவந்தனர். சில நாட்களில் படை வந்து அடக்கியது. தலைமைதாங்கியவர்களுள் ஒருவரான திரான் தூ பின் சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் அவர் சொல்லி எழுதப்பட்ட நினைவுக்குறிப்பு ஆங்கிலத்தில் 'செம்மண்' என்னும் பொருளுடைய தலைப்பில் வெளிவந்திருக்கிறது. மலேயத் தோட்டத் தமிழரின் வாழ்வைப் புதினங்களில் படித்தவர்கள் இந்நூலை அயல்நாட்டு நூலாக எண்ணமாட்டார்கள். மரம் அதே மரம். விடியலில் அடிக்கும் மணியும் மேற்பார்வையாளனின் பிரம்பும்கூட வேறல்ல.

நிறுவனத்தின் மரபு என்று சொல்லும்போது பிபெண்டமும் ரேடியலும் நினைவுக்கு வருகின்றன. ஃபூ ரியெங்கும் அம்மரபின் பகுதியே. பாட்டனின் நிலத்தைப் பெறுபவர் பாட்டனின் கடனையும் பெறுவர் என்பது நம் ஊர் நியாயம்.

காட்டைத் திருப்பித் தருதல்

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1984இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் தோட்டம் ஒன்றை மிஷெலின் வாங்கியது. ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். ஆயினும் அங்கே அதை வரிசைவரிசையாக நட்டு வளர்க்க இயலாது. இலைக்கருகல் நோய் மரம்விட்டு மரம் தாவித் தோப்பையே அழித்துவிடும். 1928இல் ஹென்றி ஃபோர்டு அமேசானில் நிறுவிய தோட்டநகரம் வீழ்ந்ததற்கு அந்நோயும் பெருங்காரணம். பாஹியாத் தோட்டமும் அந்நோயால் தளர்ந்தது. பிரெஞ்சு வேளாண் ஆய்வாளர்களோடு சேர்ந்து நோய்தாங்கும் இரகங்களைத் தேடினர். 2000களின் முற்பகுதியில் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பிரித்துப் பணியாளர் சிலருக்கு விற்றனர். மற்றொரு பகுதியை அட்லாண்டிக் மழைக்காட்டுக்கான காப்பகமாக ஒதுக்கி, உள்ளூர் மர இனங்களை நட்டு, வேட்டையைத் தடுத்தனர். பெரும்பகுதி அழிந்துவிட்ட காடு அது. எஞ்சியதில் ஒரு துண்டைக் காத்து, ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டது பாராட்டத்தக்கது.

இந்தோனேசியாவின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. 2015இல் பரிட்டோ பசிபிக் என்னும் உள்ளூர்க் குழுமத்தோடு கூட்டுச்சேர்ந்து, சுமத்ராவின் ஜம்பியிலும் கிழக்குக் கலிமந்தானிலும் ரப்பர் வளர்க்கும் திட்டத்தை மிஷெலின் அறிவித்தது. ஏறத்தாழ பாதி நிலத்தில் மட்டுமே ரப்பர். மற்றது காட்டுக்கும் ஊர்மக்களுக்கும் என்றனர். உலக வனவிலங்கு நிதியம் துணைநின்றது. 2018இல் இதற்கென 9.5 கோடி டாலர் பசுமைக் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. அருகிலுள்ள புக்கிட் திகாபூலு தேசியப் பூங்காவில் யானையும் புலியும் உலவுகின்றன. காடே வாழ்வான ஓராங் ரிம்பா, தாலாங் மாமக் மக்கள் அப்பகுதியினர். கூட்டு அறிவிக்கப்படுமுன்பே உள்ளூர்ப் பங்காளியின் துணைநிறுவனம் அங்கே இயற்கைக் காட்டைப் பெருமளவில் அழித்துவிட்டது என்றும், பசுமைப் பத்திரம் வாங்கியோருக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றும் 2020இல் மைட்டி எர்த் என்னும் சூழல் அமைப்பு குற்றஞ்சாட்டியது. காடழிவைத் தடுக்கவே தாம் அங்கு நுழைந்ததாகக் கூறி நிறுவனம் அதை மறுத்தது. 2022இல் பங்காளியின் பங்கையும் வாங்கி அத்தோட்டங்களுக்கு முழு உரிமையாளராயிற்று. இனி நடப்பவற்றுக்குப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள அங்கு வேறொருவர் இல்லை.

தேர்வாய்க் கண்டிகை

நம் மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டது. 2009இல் தமிழக அரசோடு மிஷெலின் ஒப்பந்தம் செய்து, அப்பூங்காவில் லாரி, பேருந்துகளுக்கான ரேடியல் டயர்த் தொழிற்சாலையை எழுப்பியது. அரசுப் பதிவேட்டில் அந்நிலம் மேய்க்கால் புறம்போக்கு. ஊர்மக்களுக்கோ அது ஆடுமாடு மேயும் காடு, விறகும் மூலிகையும் தரும் காடு, மழைநீரை ஏரிகளுக்கு இறக்கிவிடும் மேடு. பெரும்பான்மையர் தலித் மக்களாகிய அவ்வூரார் உண்ணாநிலையும் மறியலும் நடத்தினர். வேலைவாய்ப்பு வரும், ஊர் வளரும் என்பது அரசின் வாதம். தங்கள் காட்டைக் கொடுத்துத்தான் வேலை பெறவேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

2012இல் ஊர்ச்சங்கமும் தமிழக நிலவுரிமை அமைப்பும் பிரான்சின் தொண்டமைப்புகளும் சிஜிடி தொழிற்சங்கமும் ஒன்றுசேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கண்காணிக்கும் பிரெஞ்சு அமைப்பிடம் முறையிட்டனர். அந்நெறிகளை நிறுவனம் மீறவில்லை என்று 2013இல் அவ்வமைப்பு முடிவுகூறியது. ஆயினும் மக்களுரிமை, சூழல் குறித்த முன்னாய்வை வலுப்படுத்தச் சில பரிந்துரைகளையும் செய்தது. முறையிட்டவர்கள் நிறைவடையவில்லை. நிலத்தைக் கையகப்படுத்தியது அரசு, நாங்கள் வந்து அமர்ந்தோம் என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். முல்லைத்திணை பாடம் நடத்தும்போதெல்லாம் மேய்ச்சல் நிலத்தின் அழகைச் சொல்லித்தரும் நமக்கு ஒரு நெருடல் எழுகிறது. இலக்கியத்தில் அது ஒரு திணை. அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்கு. ஒரு நிலத்துக்கு நாம் வைக்கும் பெயரே அதன் தலைவிதியை எழுதிவிடுகிறது.

வேகவேண்டிய பச்சை

2016இல் காடழிக்காத ரப்பரையே பயன்படுத்தும் கொள்கையை மிஷெலின் வெளியிட்டது. 2018இல் பிற டயர் நிறுவனங்களோடும் தொண்டமைப்புகளோடும் சேர்ந்து, நிலைத்த இயற்கை ரப்பருக்கான உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியது. 2050க்குள் தன் டயர்கள் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க அல்லது மறுசுழற்சிப் பொருட்களால் செய்வதாக 2021இல் அறிவித்தது. காடழித்து விளைந்த ரப்பரைத் தடுக்க 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. அதன் அமலாக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் தோப்புகளிலிருந்து, பல கைகள் மாறி ஆலைக்கு வருவது. எந்த மரத்தின் பால் எந்த டயரில் என்று சொல்வது எளிதன்று. அதனால்தான் வாக்குறுதி எவ்வளவு அழகாயிருப்பினும் சோதித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுதான். ஆய்வகத்திலும் அச்சுக்கூடத்திலும் இந்நிறுவனம் செய்தவை நம்பத்தக்கவை. ஏனெனில் அங்கே சாலையே தேர்வாளன். உருள்தடையைப் பொய்யாகக் குறைக்க முடியாது, எரிபொருள் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தில் செய்தவற்றுக்கு அத்தகைய தேர்வாளன் தானாக அமைவதில்லை. ஃபூ ரியெங் தொழிலாளியும், ஜம்பிக் காட்டுக்காரரும், தேர்வாய்க் கண்டிகை ஆட்டிடையனும் எழுந்து கேட்டபோதுதான் அங்கே தேர்வு நடந்தது. சட்டம் அதன்பின் மெல்ல வந்தது, சில வேளை வரவேயில்லை.

வடிவம் பெற்ற டயரும் வேகாதவரை பச்சைதான். அதற்கு வெப்பமும் அழுத்தமும் வேண்டும். நிறுவனங்களின் பசுமை வாக்குறுதிகளும் அவ்வாறே. தெருவில் டயர் உருட்டிய பிள்ளைகளாகிய நாம் அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இன்றேனும் கேட்போம்: இது எந்த மரத்தின் பால், எந்த ஊரின் நிலம்?